மாலேரி மணற்கல்லும் தொடக்ககால டைனோசர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிராணஹிதா ஆறும் கோதாவரியும் கூடும் பள்ளத்தாக்கின் புதைபடிவங்களைப் பற்றிப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பேசப் போகும்போது, ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவி கேட்பதையே ஓய்வுபெற்ற பொறியாளரும் கேட்கிறார். அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றாமல், எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மாலேரி என்பது ஊரின் பெயரா, பாறையின் பெயரா?

இரண்டும்தான். தெலங்கானாவில் முன்பு பிரிக்கப்படாத அடிலாபாத் மாவட்டமாக இருந்த பகுதியில் உள்ள ஒரு சிற்றூர் மாலேரி. ஒரு பாறைத் தொகுதி எந்த ஊரருகே முதலில் நன்கு அறியப்பட்டதோ அந்த ஊரின் பெயரையே அதற்குச் சூட்டுவது நிலவியலாளரின் வழக்கம். அதன்படி அங்குள்ள பாறைத் தொகுதி மாலேரி படிவம் என்று பெயர் பெற்றது. அதற்குக் கீழே பீமாரம் மணற்கல்லும், அதற்கும் கீழே எர்ரபள்ளி படிவமும் இருக்கின்றன. மேலே தர்மாரம் படிவமும், அதற்கு மேல் கோட்டா படிவமும் வருகின்றன. இந்த ஐந்து பெயர்களின் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் விடைகளில் பாதி எளிதாகிவிடும்.

மணற்கல் என்கிறீர்கள், ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் செம்மண்ணாக இருக்கிறதே?

கேட்டவர் கூர்மையானவர். மாலேரி படிவத்தில் மணற்கல்லைவிடச் சிவந்த களிமண் பாறையே அதிகம். அக்காலத்தில் அங்கே அகன்ற ஆறுகள் ஓடின. ஆற்றுப் படுகையில் தங்கிய மணல் இறுகி மணற்கல்லாயிற்று. வெள்ளம் கரை கடந்து இருபுறமும் பரப்பிய வண்டல் செங்களிமண் பாறையாயிற்று. இன்று மழை களிமண்ணை அரித்துவிடுவதால் மணற்கல் மட்டும் தாழ்ந்த மேடுகளாகத் துருத்தி நிற்கிறது. இரண்டு மேடுகளுக்கு இடையே வயல்களும் செந்நிறத் திட்டுகளும் கிடக்கின்றன. எலும்புகள் பெரும்பாலும் கிடைப்பது அந்தச் செங்களிமண்ணில்தான். ஆற்றின் இழுப்பில் புரளாமல், வெள்ளம் வடிந்த சமவெளியில் மெல்லப் புதைந்தவை அவை.

சிவப்பு நிறம் இரும்பின் துருவால் வந்தது. களிமண்ணுக்குள் சுண்ணாம்புக் கட்டிகளும் நிறைய இருக்கின்றன. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் நிலத்தில் மண்ணுக்குள் இப்படிச் சுண்ணாம்பு திரளும். இத்தகைய சான்றுகளைக் கொண்டே பமீலா ராபின்சன் என்ற பிரிட்டிஷ் தொல்லுயிரியலாளர், இந்தப் பாறைகள் படிந்த டிரையாசிக் காலத்திலேயே பருவமழை போன்ற ஒரு தட்பவெப்பம் நிலவியது என்று 1970-களில் வாதிட்டார்.

சிங்கரேணியில் நிலக்கரி வெட்டும்போது இந்த எலும்புகள் கிடைத்தனவா?

இல்லை. அந்த நிலக்கரி இதே பள்ளத்தாக்கைச் சேர்ந்ததுதான், ஆனால் அது டிரையாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலத்தது. மாலேரிக்கு வெகு கீழே இருப்பது. அந்தக் காலத்தில் டைனோசர்களே இல்லை. மாலேரியின் எலும்புகளுக்காகச் சுரங்கம் வெட்ட வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்தபின் அரிப்பெடுத்த செம்மண் திட்டுகளில் குனிந்த தலையோடு நாள்கணக்கில் நடப்பதுதான் அங்கே தேடும் முறை.

எத்தனை ஆண்டுப் பழமை? அதை எப்படி எண்ணினார்கள்?

மாலேரியின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. மேற்பகுதி ஏறத்தாழ 22 கோடி. இரண்டும் டிரையாசிக் காலத்தின் பிற்பகுதிக்குள் அடங்கும். டிரையாசிக் என்பது 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம்.

எண்ணிய முறைதான் இதில் சுவையானது. பாறையின் வயதை நேராக அளக்க எரிமலைச் சாம்பல் அடுக்கு தேவை. அதிலுள்ள கனிமங்களின் கதிரியக்கச் சிதைவைக் கொண்டு கணக்கிடுவார்கள். மாலேரியில் அப்படியொரு அடுக்கு அளக்கப்பட்டதில்லை. ஆனால் அர்ஜென்டினாவின் இஸ்கிகுவாலாஸ்டோ படிவத்தில் சாம்பல் அடுக்கு இருக்கிறது. அதன் அடிப்பகுதியின் வயது 23.14 கோடி ஆண்டுகள் என்று அளந்திருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் அதே வகை விலங்குகள் மாலேரியின் கீழ்ப்பகுதியிலும் கிடைப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்று கொள்கிறார்கள். ஆகவே மாலேரியின் வயது கடன் வாங்கிய வயது. யாராவது அதைத் தசமப் புள்ளியோடு சொன்னால் சற்று ஐயத்தோடு கேளுங்கள்.

அந்தக் காலத்தில் எங்கு பார்த்தாலும் டைனோசர்தானே இருந்திருக்கும்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. தவறான எண்ணம் வேரூன்றியிருப்பதும் இங்கேதான். மாலேரியின் கீழ்ப்பகுதியில் டைனோசர் அரிது. அங்கே திரும்பிய பக்கமெல்லாம் கிடைப்பது ஹைபரோடாபெடான் என்ற பன்றியளவு ஊர்வன. கிளிமூக்குப் போல் வளைந்த அலகும், மேல்தாடையில் பள்ளத்தின் இருமருங்கும் வரிசை வரிசையாகப் பற்களும் கொண்ட இலைதழை உண்ணி அது. அந்தப் பல்தகடுகள் கெட்டியானவை. உடம்பின் மற்ற எலும்புகள் சிதைந்தாலும் அவை நின்றுவிடும். அடுத்தது பாராசூகஸ். பார்வைக்கு நீண்ட மூக்கு முதலையைப் போலவே இருக்கும், ஆனால் முதலை அல்ல. அதன் நாசித் துளைகள் மூக்கு நுனியில் இல்லாமல் கண்களுக்கு அருகே இருந்தன. நீரில் தட்டைத்தலை கொண்ட பாந்தசாரஸ் என்ற பெரிய இருவாழ்வியும் நுரையீரல் மீன்களும் இருந்தன. கரையில் எக்சேரிட்டோடான் மேய்ந்தது. அது பாலூட்டிகளின் தொல்முன்னோருக்கு உறவான கூட்டத்தைச் சேர்ந்தது.

இரண்டு பாராசூகஸ் எலும்புக்கூடுகள் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தபோது, அவற்றின் வயிற்றுப் பகுதியில் மாலேரிசாரஸ் என்ற பல்லி போன்ற ஊர்வனவற்றின் எலும்புகள் இருந்தன. 23 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வேளை உணவு அப்படியே கல்லாகிக் கிடந்தது. இந்த ஆற்றங்கரையில் டைனோசர்கள் ஓரத்தில் ஓடித்திரிந்த சிறுபான்மையினர். மாலேரியின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து: டைனோசர்கள் ஆளத் தொடங்கும் முன்பு எப்படி இருந்தன என்பதைக் காட்டும் இடங்கள் உலகில் மிகச் சிலவே.

பாராசூகஸ் டைனோசர் இல்லை, இன்னொன்று டைனோசர் என்றால், எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

உருவத்தை வைத்து அல்ல. இடுப்பு, தொடை, கணுக்கால் ஆகிய மூன்றின் அமைப்பை வைத்து. பல்லிக்குக் கால்கள் உடலின் பக்கவாட்டில் விரிந்திருக்கும். டைனோசருக்குக் கால்கள் உடலுக்கு நேர்கீழே தூண்போல் நிற்கும். அதற்கேற்பத் தொடை எலும்பின் தலை உட்பக்கமாக மடங்கியிருக்கும். அது பொருந்தும் இடுப்புக்குழியின் அடிப்பகுதி எலும்பால் முழுவதும் மூடப்படாமல் திறந்திருக்கும். கணுக்கால் எலும்பில் மேல்நோக்கி ஒரு முனை எழுந்து கெண்டைக்கால் எலும்போடு பொருந்தும். தொடக்ககால டைனோசர்களில் இந்த அடையாளங்கள் அரைகுறையாகவே இருப்பதால் ஆய்வாளர்களுக்குள் சச்சரவு ஓய்வதில்லை.

சரி, மாலேரியில் கிடைத்த டைனோசர்களின் பெயர்களைச் சொல்லுங்கள்.

கீழ்ப்பகுதியிலிருந்து அல்வாக்கேரியா மாலேரியென்சிஸ். மேற்பகுதியிலிருந்து நம்பாலியா ராய்சௌத்ரி, ஜக்லபள்ளிசாரஸ் அசிமெட்ரிகஸ், மாலேரிராப்டர் குட்டி ஆகிய மூன்று. நம்பாலா, ஜக்லபள்ளி இரண்டும் அங்குள்ள ஊர்கள். ‘அசிமெட்ரிகஸ்’ என்பது அந்த விலங்கின் கணுக்கால் எலும்பு இருபுறமும் ஒத்திராததைக் குறிக்கிறது. நம்பாலியாவும் ஜக்லபள்ளிசாரஸும் 2011-இல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் பெயர் பெற்றன. இரண்டும், பிற்காலத்தில் நீள்கழுத்துப் பேருருவங்களாக வளர்ந்த சாரோபாட் வழியின் தொடக்கநிலை உறவினர்கள். ஜக்லபள்ளிசாரஸின் எலும்புகள் மேலேயுள்ள தர்மாரம் படிவத்தின் அடிப்பகுதியிலும் கிடைத்திருக்கின்றன. அதற்கு மிக நெருங்கிய உறவினர்கள் பிரேசிலில் கிடைத்துள்ளனர்.

அல்வாக்கேரியா ஒரு ‘போலி டைனோசர்’ என்று படித்தேன். உண்மையா?

போலி என்ற சொல் பொருந்தாது. கலப்பு என்று சொல்லலாம். 1987-இல் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி அதற்கு வாக்கேரியா என்று பெயரிட்டார். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு நுண்ணிய கடல் விலங்குக்கு இருந்ததால், 1994-இல் அல்வாக்கேரியா என்று மாற்றப்பட்டது. ஆலிக் வாக்கர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் முதற்பெயரின் தொடக்கமும் சேர்ந்ததால் சிக்கல் தீர்ந்தது.

எலும்புச் சிக்கல் அதைவிடப் பெரியது. தாடையின் முன்பகுதி, உடைந்த முள்ளெலும்புகள், தொடை எலும்பு, கணுக்கால் எலும்பு ஆகியவை ஒரே விலங்கினுடையவை என்று முதலில் கொள்ளப்பட்டன. பின்னர் மறுஆய்வு செய்த ரெமெஸ், ரௌஹூட் இருவரும், தாடை முதலை வழியைச் சேர்ந்த ஓர் ஊர்வனவுடையது என்றும், முள்ளெலும்புகளில் சில வேறு விலங்குகளுடையவை என்றும் 2005-இல் கூறினர். தொடையும் கணுக்காலும் மட்டும் டைனோசர் என்ற தீர்ப்பில் நின்றன. ஏன் அந்த இரண்டு மட்டும் என்பதற்கு, டைனோசரைப் பிரித்தறியும் முறை பற்றிய முந்தைய விடையைப் பார்க்கவும்.

மாலேரிக்கு இது புதிதல்ல. 1885-இல் லைடெக்கர் என்ற ஆய்வாளர் பாராசூகஸை விவரித்தபோதும் அதில் ஹைபரோடாபெடானின் மண்டையோட்டுத் துண்டு கலந்துவிட்டது. அரிப்பெடுத்த திட்டில் பல விலங்குகளின் எலும்புகள் ஒன்றாகச் சரிந்து கிடக்கும்போது இத்தகைய பிழைகள் நேர்வது இயல்பு.

ஒரு துண்டு இடுப்பெலும்பை வைத்து மாலேரிராப்டர் என்று புதுப் பெயர் வைப்பது நியாயமா?

கேள்வி நியாயமானதே. 2025-இல் பெயரிடப்பட்ட அந்த விலங்கு, இடுப்பெலும்பின் பகுதிகளையும் சில முள்ளெலும்புகளையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் டைனோசர் வகைகளைப் பிரிக்கும் அடையாளங்கள் குவிந்திருப்பது இடுப்பில்தான். அதே அளவுக்கு விலா எலும்புத் துண்டு மட்டும் கிடைத்திருந்தால் யாரும் பெயர் வைக்கத் துணிந்திருக்க மாட்டார்கள்.

அது ஹெரராசார் என்ற ஊனுண்ணிக் கூட்டத்தைச் சேர்ந்தது. அர்ஜென்டினாவில் ஓர் ஆட்டிடையர் கண்டெடுத்ததால் அவர் பெயரைத் தாங்கிய ஹெரராசாரஸ்தான் அக்கூட்டத்தில் புகழ்பெற்றது. ஹைபரோடாபெடான் கூட்டம் பூண்டோடு மறைந்த பின்னரும், தென்கண்டங்களில் ஹெரராசார்கள் சில காலம் வாழ்ந்தன என்பதை மாலேரிராப்டர் காட்டுகிறது. சில எலும்புத் துண்டுகளுக்கு இது பெரிய செய்திதான். பெயரின் பின்பாதி, அதைக் கண்டெடுத்த டி. எஸ். குட்டியைச் சிறப்பிக்கிறது.

புள்ளியியல் நிறுவனத்துக்கும் டைனோசருக்கும் என்ன சம்பந்தம்?

மேலே சொன்ன எலும்புகளில் பெரும்பாலானவை கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருக்கின்றன என்றதும் எழும் கேள்வி இது. நிறுவனர் மகலனோபிஸ், புள்ளியியல் எல்லா அறிவியல்களோடும் கலந்து வளர வேண்டும் என்று எண்ணினார். 1957-இல் லண்டனிலிருந்து பமீலா ராபின்சனை வரவழைத்து நிலவியல் ஆய்வைத் தொடங்கிவைத்தார். ராபின்சன் உருவாக்கிய சிறு குழு கோதாவரிப் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் கூடாரமடித்துத் தேடியது. எக்சேரிட்டோடானின் மாலேரி இனத்துக்கு ‘ஸ்டாட்டிஸ்டிகே’ என்று அறிவியல் பெயர் அமைந்திருப்பது இந்த உறவின் நினைவாகத்தான்.

குழுவில் பட்டம் பெற்றோர் மட்டும் இருக்கவில்லை. தர்மாரம் படிவத்தின் டைனோசர் ஒன்றுக்கு 2007-இல் பிரதானியா என்று பெயரிட்டார்கள். அது குழுவின் கள எலும்புத் தேட்டாளர் துயியா பிரதானின் நினைவாக. அதே கட்டுரையில் பெயர் பெற்ற லாம்ப்ளூசாரா, பமீலா லாம்ப்ளூ ராபின்சனின் நடுப்பெயரைத் தாங்குகிறது.

ஸ்காட்லாந்திலும் அர்ஜென்டினாவிலும் அதே ஹைபரோடாபெடான் எப்படி? கடலைக் கடந்து நீந்தியதா?

கடக்கக் கடலே இல்லை. அப்போது கண்டங்களெல்லாம் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்தன. இந்தியா தென் அரைக்கோளத்தில் மடகாஸ்கர், அண்டார்க்டிகா ஆகியவற்றோடு இணைந்திருந்தது. ஹைபரோடாபெடானை முதலில் விவரித்தவர் தாமஸ் ஹக்ஸ்லி, 1859-இல். எலும்பு கிடைத்தது ஸ்காட்லாந்தின் எல்ஜின் பகுதி மணற்கல்லில். நாக்பூரில் பணியாற்றிய ஸ்டீபன் ஹிஸ்லாப் என்ற பாதிரியார் காலத்திலேயே மாலேரியின் எலும்புகள் அறிஞர் கண்ணில் பட்டுவிட்டன. 1869-இல் ஹக்ஸ்லி அவற்றிலும் அதே வகை விலங்கை அடையாளம் கண்டார். கண்டங்கள் நகர்ந்தன என்ற எண்ணம் அப்போது அறிவியலில் ஏற்கப்பட்டிருக்கவில்லை.

பாராபாசாரஸ் மாலேரியில் கிடைத்ததுதானே?

இல்லை, அந்தச் சாரோபாட் டைனோசர் கோட்டா படிவத்தினது, டிரையாசிக்கை அடுத்த ஜுராசிக் காலத்தது. மகாராஷ்டிரத்தின் சிரோஞ்சா பகுதியில் போச்சம்பள்ளி என்ற ஊருக்கு அருகே, கல்லான மரத்தண்டுகளோடு கலந்து, குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் ஏறத்தாழ 300 கிடைத்தன. (கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியும் அல்ல, கைத்தறிச் சேலைக்குப் பெயர்போன போச்சம்பள்ளியும் அல்ல, இது மூன்றாவது.) முதலில் கண்ணில் பட்ட தொடை எலும்பு ஓர் ஆள் உயரம் இருந்ததால் வங்காளியில் ‘பெரிய கால்’ என்று பொருள்படும் ‘பாரா பா’ பெயராயிற்று. களப்பணி நடந்தது தாகூர் நூற்றாண்டையொட்டி என்பதால் இனப்பெயர் ‘டாகோரை’. மண்டையோடு கிடைக்கவில்லை. பொருத்தி நிறுத்திய எலும்புக்கூடு கொல்கத்தாவில் இருக்கிறது.

நம்பாலியாவையும் பாராபாசாரஸையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே பள்ளத்தாக்கில் சில கோடி ஆண்டுகளுக்குள் சாரோபாட் வழி எவ்வளவு வளர்ந்தது என்பது விளங்கும்.

அப்படியென்றால் சிறுபான்மையாக இருந்தவை எப்படி மேலோங்கின? வலிமையா, தந்திரமா?

இரண்டையும்விட, போட்டியாளர்கள் அழிந்தது பெரிய காரணமாகத் தெரிகிறது. முதலில் ஹைபரோடாபெடான் கூட்டம் மறைந்தது; இலைதழை உண்ணும் இடம் காலியாயிற்று. மாலேரியின் மேற்பகுதியில் நம்பாலியா போன்றவை தென்படுவது அதன் பிறகே. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் பிளக்கத் தொடங்கியபோது பெருகிய எரிமலைக் குழம்பால் பேரழிவு நேர்ந்தது. பாராசூகஸ் கூட்டமும் முதலை வழியினர் பலரும் அதில் போயினர். டைனோசர்கள் ஏன் தப்பின என்பதற்கு நிமிர்ந்த கால்கள், வேகமான வளர்ச்சி, இறகு போன்ற உடற்போர்வை என்று பல விளக்கங்கள் உண்டு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவோரை நான் நம்புவதில்லை.

உலகின் முதல் டைனோசர் இந்தியாவில் தோன்றியது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஏறத்தாழ 23 கோடி ஆண்டு வயதுடைய டைனோசர்கள் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் முழுமையான எலும்புக்கூடுகளாகவே கிடைத்திருக்கின்றன. 2022-இல் ஜிம்பாப்வேயிலிருந்து எம்பிரேசாரஸ் என்ற டைனோசரும் வந்து சேர்ந்தது. அங்கேயும் கூடவே ஹைபரோடாபெடான் இருக்கிறது. தான்சானியாவின் நியாசாசாரஸ் இவற்றைவிட ஒரு கோடி ஆண்டுக்கு மேல் பழையது, ஆனால் அது டைனோசரா, அதன் நெருங்கிய உறவினரா என்பது முடிவாகவில்லை. இந்த இடங்கள் எல்லாம் அன்றைய தென்பெருநிலத்தின் பகுதிகள் என்பது மட்டும் உறுதி. ‘இந்தியாவின் மிகப் பழைய டைனோசர்களில் ஒன்று’ என்று அல்வாக்கேரியாவைச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் செய்தித்தாள் தலைப்பாகிவிடும்.

நம் அரியலூரில் இதே டைனோசர்கள் கிடைக்குமா?

கிடைக்காது. அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை, பெரும்பாலும் கடலடியில் படிந்தவை. கல்லமேட்டில் 1987-இல் விவரிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸ் என்ற பேருருவ டைனோசர் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையது. மாலேரியின் விலங்குகளுக்கும் அதற்கும் இடைப்பட்ட காலம், அதற்கும் நமக்கும் இடைப்பட்ட காலத்தைப்போல் இரு மடங்கு. அதன் எலும்புகள் பின்னர் நொறுங்கிப்போனதால் அதன் அளவு பற்றிய வியப்பும் ஐயமும் ஒன்றாகவே தொடர்கின்றன.

2020-இல் பெரம்பலூர் மாவட்டக் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று பரவிய செய்தியையும் உடனே கேட்பார்கள். அவை உருண்டையாகத் திரண்ட கனிமக் கட்டிகள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள்.

நேரில் போய் ஓர் எலும்பு எடுத்து வரலாமா?

போகலாம், எடுக்க வேண்டாம். இடமறியாத எலும்பு பாதி ஊமை. எந்தத் திட்டில், எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது தெரியாவிட்டால் அல்வாக்கேரியாவுக்கு நேர்ந்த குழப்பம்தான் மிஞ்சும். கண்ணில் பட்டால் தொடாமல், அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். பார்க்க மட்டும் விரும்புவோர், கோட்டா படிவத்தின் கோட்டாசாரஸ் எலும்புக்கூட்டை ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் காணலாம்.

இனியும் அங்கே புதிதாக ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எப்போதும் களத்தில்தான் என்றில்லை. மாலேரிராப்டரின் எலும்புகள் 2011 கட்டுரையிலேயே பெயரில்லாத ஒரு ஹெரராசாராகக் குறிப்பிடப்பட்டவை. பெயர் வந்தது 14 ஆண்டுகள் கழித்து. மேற்பகுதியிலிருந்து சேகரித்த துண்டுகளில் இன்னும் பெயரிடப்படாத டைனோசர் எலும்புகள் கொல்கத்தாவின் இழுப்பறைகளில் எண் எழுதிய சீட்டுகளோடு இருக்கின்றன.